அலமாரியில் ஒரு காதல் கதை

நம் குடியிருப்பு வாசகர் கூட்டத்தில் பேசியது

முப்பது வருஷம் லெட்ஜர் எழுதியவனுக்குக் காதல் நாவலா என்று சிரிக்காதீர்கள்.

கனடாக்காரர் ஜேனட் ஓக். முதல் நாவல் 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' 1979-இல் வந்தபோது நான்கு பிள்ளைகளின் தாய். மேற்கே குடியேறப் போகும் வழியில் மார்ட்டியின் கணவன் இறந்துவிடுகிறான். அடக்கம் முடிந்த அன்றே, மனைவியை இழந்த கிளார்க் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்கிறார். அவர் குழந்தைக்குத் தாய் வேண்டும், இவளுக்குக் கூரை. வசந்தத்தில் ஊர் திரும்ப நினைத்தால் வழிச்செலவு அவருடையது. கடன் பத்திரம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். கடைசி நிபந்தனையில் தொண்டை அடைத்தது: போகும்போது குழந்தையையும் கூட்டிப் போக வேண்டும்.

என் வீட்டுக்காரி போனபின் நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் இது. ஜெபம் நிறைய வரும். கோயிலுக்குப் போகிற எனக்கு உறுத்தவில்லை.

படித்தவர்களுக்கு ஒரு செய்தி. எழுபதைத் தாண்டிய பிறகும் ஓக் எழுதினார். 2014-இல் மகள் லாரலோடு சேர்ந்து 'வேர் கரேஜ் கால்ஸ்' கொண்டுவந்தார். அதைத்தான் இப்போது படிக்கிறேன்.

முதல் புத்தகம் சங்க அலுவலக அலமாரியில் இருக்கிறது. எடுப்பவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். மாலையில் சரிபார்ப்பேன், பழைய பழக்கம்.