நீள்சிறை குற்றத்தைத் தடுக்குமா?



ஒறுப்பைக் கடுமையாக்கினால் குற்றம் ஒழியும் என்பார் பலர். அக்கூற்றை அமெரிக்கக் கலிபோர்னியாவில் வைத்து உரசிப் பார்ப்போம்.

1994-இல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. கொடுங்குற்றங்கள் இரண்டிற்கு முன்னரே ஒறுக்கப்பட்டவன், மூன்றாவதாகச் செய்த பெருங்குற்றம் எத்தகையதாயினும், 25 ஆண்டு முதல் வாழ்நாள் வரை சிறை! மறு ஆண்டே, வெறிமருந்துக்கு அடிமையான ஒருவன் இரு கடைகளில் 9 படநாடாக்களைத் திருடினான். விலை ஏறத்தாழ 150 தாலர். அவன் பெற்றதோ, 50 ஆண்டு கழியாமல் வெளிவரவியலா வாழ்நாள் சிறை! 2003-இல் அந்நாட்டு உச்சமுறைமன்றமும் அதனை நிலைநிறுத்தியது.

அத்துணைக் கடுஞ்சட்டம் அவன் கையைத் தடுக்கவில்லையே, ஏன்? திருட முனைவோன் சிறையாண்டுகளை எண்ணுவதில்லை. 'அகப்படேன்' என்றே எண்ணுகின்றான். அவனுக்கு 5 ஆண்டும் ஒன்றே. 50 ஆண்டும் ஒன்றே. நெடுஞ்சிறையை மேலும் நீட்டுவதால் விளையும் தடுப்பு மிகச் சிறிதே என, அந்நாட்டு ஆய்வறிஞர் குழுவும் 2014-இல் அறிவித்தது. அதற்கு முன்னரே, 2012-இல், கலிபோர்னிய மக்கள் ஒப்போலையிட்டு அச்சட்டத்தைத் தளர்த்திவிட்டனர்.

'வெருவந்த செய்யாமை' எனத் தனியே பத்துக் குறள் யாத்த வள்ளுவப் பெருந்தகையை நினையுங்கள். ஆராய்ந்து, குற்றத்திற்குத் தக ஒறுப்பதே முறை. குற்றத்தைத் தடுப்பது சிறையின் நீளமன்று. தப்பவியலாது என்னும் உறுதியே!