கோட்டுக்கு வெளியே நின்றவர்



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பேருந்து, மலை வளைவுகளில் மூச்சு வாங்கி ஏறி, இறுதியில் போனக்காடு என்னும் ஊரில் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் அகத்தியர் மலைதான். தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று நாம் போற்றும் முனிவரின் பெயரைத் தாங்கிய அம்மலையின் அடிவாரத்தில், வெள்ளையர் காலத்தில் தேயிலைத் தோட்டம் ஒன்று எழுந்தது. அங்கே கொழுந்து கிள்ளச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தோட்டமோ நொடித்துப் போயிற்று. தொழிற்சாலை துருவேறி நிற்கிறது. லயங்களின் கூரைகள் ஒழுகுகின்றன. வரவேண்டிய கூலி வராமலே முதுமை எய்தியவர்கள் பலர்.

அவ்வூருக்கு ஒருமுறை சென்றிருந்தோம். லயத்தை அடுத்த சிறு மேட்டில் நாலைந்து பையன்கள் பந்து உதைத்துக் கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சரிவு. பந்து தவறினால் தேயிலைப் புதருக்குள் இறங்கித் தேட வேண்டும். அவர்களில் ஒருவனின் பாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தார். நாம் ஆட்டத்தை வியந்து பார்ப்பதைக் கண்டு, “பந்து ஒதைச்சா சோறு வருமாங்க, ஐயா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவருக்கு நாம் அன்று ஒரு மனிதரின் கதையைச் சொன்னோம். அதையே சற்று விரித்து இன்று நேயர்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

அம்மனிதர் டி. கே. சாத்துண்ணி. திருச்சூர் மாவட்டத்துச் சாலக்குடியைச் சேர்ந்தவர். சாலக்குடி நமக்கு அந்நியமான ஊரன்று. அங்கிருந்து புறப்படும் மலைப்பாதை மலக்கப்பாறையைக் கடந்து நம் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில்தான் வந்து சேருகிறது. சாத்துண்ணி இளமையில் நல்ல கால்பந்து ஆட்டக்காரர். தடுப்பு வரிசையில் ஆடியவர். ஆயினும் அக்காலத்தில் ஆட்டத்தை நம்பி ஒருவன் ஊரிலேயே இருந்துவிட இயலாது. எந்த நிறுவனத்தில் கால்பந்துக் குழுவும் சம்பளமும் சேர்ந்திருக்கின்றனவோ, அவ்விடத்தை நாடிச் செல்ல வேண்டும். அவ்வாறே அவர் செகந்தராபாத்தில் இருந்த ராணுவத்தின் இ. எம். இ. மையத்துக்குச் சென்றார். பின்னர் கோவாவின் வாஸ்கோ கழகம். அதன்பின் பம்பாயில் ஆர்க்கே மில்ஸ் என்னும் நெசவாலையின் குழு. 1973ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடந்த மெர்டேக்காப் பந்தயங்களில் இந்தியாவின் சட்டையை அணிந்து ஆடினார்.

இவ்வூர்களின் பெயரைக் கேட்டதும் நேயர்களில் பலருக்குத் தம் வாழ்க்கையே நினைவுக்கு வரக்கூடும். ராணுவம், ஆலை, துறைமுகம் என்று பிழைப்பைத் தேடித் தமிழரும் மலையாளிகளும் ஏறிய ரயில்கள் ஒன்றேதான். மூட்டைக்குள் இவர் ஒரு ஜோடி காலணியையும் வைத்திருந்தார் என்பதே வேறுபாடு.

கால்பந்து ஆட்டக்காரனுக்கு முதுமை முப்பத்தைந்து வயதிலேயே வந்துவிடுகிறது. அலுவலகத்தில் மற்றவர்கள் பதவி உயர்வை எதிர்நோக்கும் வயதில் இவனுடைய முழங்கால் ஓய்வு கேட்கிறது. அதன்பின் என்ன செய்வது? ஆலையில் மேசை வேலை கிடைத்தால் அதில் அமர்ந்துவிடுவோர் பலர். சிலர் பயிற்சியாளராகிறார்கள். அவர்களிலும் வெற்றி காண்போர் மிகச் சிலரே. ஏனெனில் நன்றாக ஆடுவது ஒரு கலை. பிறரை நன்றாக ஆடச் செய்வது முற்றிலும் வேறொரு கலை. ஆடுகிறவன் தன் தவறைத் தன் காலாலேயே திருத்திக்கொள்ளலாம். பயிற்சியாளனோ வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய பின் அவன் கையில் இருப்பது குரலும், ஆள் மாற்றும் உரிமையும் மட்டுமே. மற்றவை யாவும் முந்தைய வாரங்களில் செய்து முடித்திருக்க வேண்டிய வேலைகள்: யாரை எங்கே நிறுத்துவது, எதிரணியின் எந்த ஆட்டக்காரனை யார் பற்றிக்கொண்டே திரிவது, தொண்ணூறாவது நிமிஷத்திலும் கால் தளராதிருக்கக் காலையில் எவ்வளவு ஓடுவது என்பன போன்றவை. தடுப்பு வரிசையில் ஆடியவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு என்பது நம் எண்ணம். அவர்கள் ஆடும்போதே மைதானம் முழுவதும் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. முன்வரிசைக்காரன் கோலை மட்டுமே பார்க்கிறான்.

சாத்துண்ணியைப் பற்றிச் சொல்லும் முன்பு, இவ்விடத்தில் ஒரு தமிழரையும் குறிப்பிட்டாக வேண்டும். கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது 1973ஆம் ஆண்டு டிசம்பரில். எர்ணாகுளத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ரயில்வேக் குழுவை 3–2 என்னும் கணக்கில் வீழ்த்தினார்கள். குழுத் தலைவர் மணி மூன்று கோல்களையும் தாமே அடித்தார். கேரளத்தார் இன்றும் அந்த மணியைப் பாடிப் புகழ்கிறார்கள். அக்குழுவைப் பயிற்றுவித்தவர் தமிழ்நாட்டின் சைமன் சுந்தர்ராஜ் என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவார்கள்? 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர் அவர்.  ஆக, சாத்துண்ணி கோவாவுக்கும் பம்பாய்க்கும் சென்றதுபோல, தமிழர் ஒருவரும் கேரளத்துக்குச் சென்று அம்மக்களின் முதல் கோப்பைக்குப் பின்னால் நின்றார். கோப்பையை ஏந்தும் படத்தில் பயிற்சியாளர் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருப்பார்.

இனிக் கதைக்கு வருவோம். எண்பதுகளில் கேரளப் போலீஸ் துறை திறமையுள்ள இளைஞர்களைத் தேடி எடுத்து, உத்தியோகமும் கொடுத்து, ஒரு கால்பந்துக் குழுவை உருவாக்கியது. சத்தியன், ஷரபலி, பாப்பச்சன், குரிகேஷ் மாத்யூ, கோல் காப்பாளர் சாக்கோ முதலியோர் அதில் சேர்ந்தார்கள். ஐ. எம். விஜயன் என்னும் சிறுவனும் சேர்ந்தான். திருச்சூர் மைதானத்தில் பந்தயம் பார்க்க வருவோருக்குச் சோடா விற்றுக்கொண்டிருந்தவன் அவன். ஒரு பாட்டிலுக்கு அவனுக்குக் கிடைத்தது பத்துப் பைசா. அந்தச் சிறுவனே பிற்காலத்தில் இந்தியக் குழுவின் தலைவனாகவும் உயர்ந்தான். 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றான். போனக்காட்டுப் பாட்டியிடம் இப்பகுதியைச் சொன்னபோது அவர் கொழுந்துக் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “பத்துப் பைசாவா?” என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார்.

இக்குழுவைச் சாத்துண்ணி ஏற்று நடத்திய காலத்தில், 1990ஆம் ஆண்டு, பெடரேஷன் கோப்பைப் பந்தயங்கள் திருச்சூரிலேயே நடைபெற்றன. இந்தியாவின் தலைசிறந்த கழகங்கள் மோதும் போட்டி அது. 1977இல் தொடங்கியதிலிருந்து கேரளத்துக் குழு எதுவும் அதை வென்றதில்லை. இறுதிப் பந்தயத்தில் எதிரே நின்றது கோவாவின் சால்கோகர். முந்தைய இரண்டு ஆண்டுகளும் கோப்பையைத் தன் வசமே வைத்திருந்த குழு. கோவாவில் ஆடி வளர்ந்த சாத்துண்ணிக்கு அம்மண்ணின் ஆட்டம் புதியதன்று. கேரளப் போலீஸ் 2–1 என்னும் கணக்கில் வென்றது. மறு ஆண்டு கண்ணூரிலும் கோப்பை போலீஸ் குழுவுக்கே கிடைத்தது.

அக்குழுவினர் பணத்தைக் கொட்டிச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர். அரசாங்கச் சம்பளம் பெற்ற காவலர்கள். பெரிய கழகங்களோடு பொருளில் போட்டியிட இயலாத நிலையில், அவர்களிடம் இருந்தவை நல்ல ஆட்டக்காரர் சிலரும், நல்ல ஒழுங்கும், களத்தை அறிந்த பயிற்சியாளரும்தாம். சாத்துண்ணியின் வாழ்வில் இதையே நாம் முதலில் வைப்போம். பின்னால் வந்த புகழ் பெரிதாயினும்.

பின்னால் வந்த புகழ் கொல்கத்தாவில் வந்தது. மோகன் பகான் 1889இல் தோன்றிய கழகம். 1911இல் வெள்ளையர் குழுவை வென்று தேசத்தையே துள்ளச் செய்தது. அங்கே பயிற்சியாளராக இருப்பது முள்மேல் அமர்வது போன்றது. ஒரு தோல்விக்குப் பின் தெருவில் மீன் விற்பவர்கூடக் கணக்குக் கேட்பார். 1997ஆம் ஆண்டு ஜூலையில், பெடரேஷன் கோப்பை அரையிறுதியில், லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடிய சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று மோகன் பகானை வென்றது. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் அமல் தத்தா. அவருக்குப் பின் சாலக்குடிக்காரரை அழைத்தார்கள். வங்கமொழியும் வங்கத்துக் கட்சிப் பூசல்களும் பழகாத ஒருவர், 1997–98 பருவத்துத் தேசிய லீக்கை அக்கழகத்துக்கு வென்று கொடுத்தார். பத்துக் குழுக்கள் மோதிய அந்த லீக்கில் ஈஸ்ட் பெங்கால் இரண்டாவதாகவே நின்றது. மோகன் பகானுக்குக் கிடைத்த முதல் தேசிய லீக் பட்டம் அதுவே.

இவ்வளவு வென்றவர் அங்கேயே நிலைத்திருப்பார் என்று எண்ணத் தோன்றும். இல்லை. பயிற்சியாளனின் உத்தியோகம் வாடகை வீடு போன்றது. டெம்போ, சால்கோகர், சர்ச்சில் பிரதர்ஸ், எப். சி. கொச்சின், விவா கேரளா, சிராக் யுனைட்டெட் என்று அவர் பொறுப்பேற்ற கழகங்கள் பல. இவற்றில் எப். சி. கொச்சின் 1997இல் பெரும் ஆரவாரத்தோடு தோன்றியது. ஊரார் தம் கழகமென்று கொண்டாடினார்கள். சில ஆண்டுகளிலேயே பணமுடையால் ஒடுங்கிப் போயிற்று. நல்ல ஆட்டம் இருந்தும் முதலாளியின் பெட்டி வற்றினால் கழகம் மூடிவிடும். இதைச் சொல்லும்போது பாட்டி நம்மைப் பார்க்கவில்லை. தொழிற்சாலை இருந்த திசையைப் பார்த்தார். தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமில்லை.

சத்தியனைப் பற்றியும் ஒரு சொல். இந்தியக் குழுவுக்கே தலைவராக இருந்த அவர், பின்னாளில் சென்னைக்கு வந்து இந்தியன் பாங்கில் சேர்ந்தார். 2006ஆம் ஆண்டில் சென்னையிலேயே மறைந்தார். அன்று போலீஸ் குழுவில் ஒன்றாக ஆடியவர்களின் விதி ஒன்றாக அமையவில்லை. சோடா விற்றவர் போலீஸ் அதிகாரியாக ஓய்வு பெற்றார். இவரோ நாற்பத்தோரு வயதில் போய்விட்டார். ஆகவே “சோறு வருமா” என்று கேட்ட பாட்டிக்கு “வரும்” என்று ஒரே சொல்லில் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. நூறு பேர் ஆடினால் ஒருவருக்கு வேலை வரும் என்றோம். அந்த ஒருவரைக் கண்டெடுத்துச் செப்பனிடச் சாத்துண்ணி போன்றவர் அருகில் இருந்தாக வேண்டும் என்றோம்.

“அந்தச் சாமி இங்கே ஒருதரம் வந்து பாப்பாருங்களா? எம் பேரன் நல்லா ஓடுவான்” என்றார் அவர்.

சாத்துண்ணி 2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் காலமாகிவிட்டார் என்பதைச் சொன்னோம். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அவருகிட்டக் கத்துக்கிட்டவங்க இருப்பாங்கல்ல?” என்றார். இருக்கிறார்கள் என்றோம். திருவனந்தபுரத்தில் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் இடங்களையும், விண்ணப்பம் எழுத வேண்டிய முறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மாலைப் பேருந்து ஒலி எழுப்பியது. நாம் ஏறி அமர்ந்தபோது பையன்கள் புதருக்குள் போன பந்தை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். பேரன் மட்டும் தாளை இருட்டில் கண்ணருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான்.