பத்து நிமிட ஆங்கிலம்

(சென்னையில் இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிரிட்டன் குடியுரிமைக்கு ஆங்கிலத் தேர்வு வைக்கிறான் என்றால் அதில் நமக்கு என்ன தோழர்?" என்று இங்கே வரும்போது ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். குடியேற்றச் சட்டங்களில் மொழித் தேர்வு என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. ஆனால் அந்தத் தேர்வு என்ன செய்கிறது என்பது எனக்கு நூலகத்தில் விளங்கவில்லை. கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் பகுதியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஆங்கில வகுப்பில்தான் விளங்கியது.

அந்த வகுப்புக்கு ஓர் ஈழத்து அக்கா வருகிறார். வயது ஐம்பத்தேழு. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். போர்க்காலத்தில் அகதியாக வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகிறவர். அகதி என்று ஏற்கப்பட்ட அவருக்கு அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை மொழித் தேர்வு இல்லாமலே கிடைத்தது. குடியுரிமைக்கு அந்த விலக்கு கிடையாது. அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

"இத்தனை வருசம் இல்லாமல் இப்ப எதுக்கு அக்கா குடியுரிமை?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு எண்பத்தி நாலு வயசு தம்பி. ஒருக்காப் போய் முகத்தைப் பாக்கவேணும்" என்றார்.

அகதிகளுக்குப் பிரிட்டன் கொடுக்கும் பயண ஆவணத்தில், எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தார்களோ அந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. பழைய இலங்கைக் கடவுச்சீட்டில் போய் வந்தால் அகதி நிலைக்கே ஆபத்து. பிரிட்டன் கடவுச்சீட்டு கிடைத்தால் போகலாம். ஆக, அவருக்கும் அவர் அம்மாவுக்கும் நடுவில் நிற்பது ஓர் ஆங்கிலத் தேர்வு.

அந்தத் தேர்வு என்ன என்று பார்ப்போம். 1981ஆம் ஆண்டின் பிரிட்டன் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பிப்பவருக்கு ஆங்கிலமோ, வேல்ஸ் மொழியோ, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியோ போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 'வாழ்வியல் தேர்வு' என்று நாம் சொல்லக்கூடிய ஒன்றை 2005இல் கொண்டுவந்தார்கள். பிரிட்டனின் வரலாறு, மன்னர்கள், சட்டம் பற்றி 24 கேள்விகள், 45 நிமிடம், 18க்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். 2013 அக்டோபரிலிருந்து அது மட்டும் போதாது. பேசுவதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் 'பி1' என்ற இடைநிலைத் தகுதியையும் தனியாக நிரூபிக்க வேண்டும். அதற்கான தேர்வுகளில் ஒன்று சுமார் பத்து நிமிட உரையாடல். நீங்களே தேர்ந்தெடுத்த தலைப்பில் கொஞ்சம், அவர்கள் கேட்பதில் கொஞ்சம். ஒருமுறை உட்கார ஏறத்தாழ 150 பவுண்டு. தோற்றால் மறுபடியும் கட்ட வேண்டும். வாழ்வியல் தேர்வுக்கு 50 பவுண்டு. குடியுரிமை விண்ணப்பக் கட்டணம் 1,500 பவுண்டுக்கும் மேல். மணிக்கணக்குக் கூலிக்குத் தரை துடைக்கிறவர் கட்ட வேண்டிய பணம் இது.

இனி, யார் இந்தத் தேர்வை எழுத வேண்டாம் என்று பார்ப்போம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, கயானா போன்ற நாடுகளின் குடிமக்கள் ஆங்கிலத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வாழ்நாள் முழுக்க வீட்டில் ஸ்பானிய மொழி மட்டுமே பேசியவராக இருந்தாலும் கேட்கமாட்டார்கள். உச்ச நீதிமன்றமே ஆங்கிலத்தில் நடக்கும் இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கையும் நைஜீரியாவும் இல்லை. ஆக, முதலில் பார்ப்பது உங்கள் நாக்கை அல்ல, உங்கள் கடவுச்சீட்டை.

அடுத்த விலக்கு பட்டம். ஆங்கிலவழியில் பட்டம் பெற்றவர் தேர்வு எழுத வேண்டாம். வெளிநாட்டுப் பட்டமானால் அதை மதிப்பிட்டுச் சான்று தர ஒரு நிறுவனம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் உண்டு. மென்பொருள் வேலைக்குப் போன நம் ஊர்ப் பொறியாளர் சான்றை இணைத்துவிட்டுப் போய்விடுவார். நானும் அப்படித்தான் போக முடியும். அப்படியானால் அந்த அறைக்குள் கடைசியில் உட்காருவது யார்? கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். திருமணமாகி வந்து சமையலறையிலேயே இருந்த பெண்கள். இரவு வேலை பார்ப்பவர்கள். அகதிகள். மொழித் தேர்வு என்று பெயர்; அதில் உட்காருவது பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவர்கள்.

தோழர்களே, இது புதிய உத்தி அல்ல. 1897இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனி ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களையும் தெலுங்கர்களையும் கப்பலில் கொண்டுபோன அதே நேட்டால்தான். அந்தச் சட்டத்தில் 'இந்தியர்' என்ற சொல்லை வைத்துத் தடை போடவில்லை. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும் என்று மட்டும் வைத்தார்கள். ஒப்பந்தக் கூலிகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. கூலியாக வரலாம், சொந்தக் காசில் சுதந்திர மனிதராக வரக்கூடாது. அதே ஆண்டு லண்டனில் நடந்த காலனிப் பிரதமர்களின் மாநாட்டில், காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் இந்த வழியை மற்ற காலனிகளுக்கும் பரிந்துரைத்தார். நிறத்தைச் சொல்லித் தடுத்தால் பேரரசின் இந்தியக் குடிமக்கள் மனம் புண்படும். மொழியைச் சொல்லித் தடுத்தால் சிக்கல் இல்லை.

ஆஸ்திரேலியா 1901இல் அதைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி ஒருவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்களைச் சொல்லுவார், வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் எகான் கிஷ் என்ற செக்கோஸ்லோவாக்கியப் பாசிச எதிர்ப்பு எழுத்தாளர் வந்தார். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். அதனால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்துத் தோற்கடித்தார்கள். அது இந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர் தப்பினார். அந்தத் தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது.

பெயரைச் சொல்லாமல் வடிகட்டும் இந்த வித்தை நமக்குப் பழக்கமானதுதானே? சாதியைச் சொல்லித் தடுப்பது இன்று குற்றம். தகுதி, திறமை என்று சொல்லித் தடுத்தால் அதற்குப் பெயர் தரம். இன்றைய பிரிட்டன் தேர்வும் அன்றைய நேட்டால் சட்டமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இன்றைய தேர்வைப் படித்துத் தேற முடியும், பலர் தேறுகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று சொல்லிக்கொண்டு, அளக்கப்படுவது யார் என்பதை முன்பே முடிவு செய்துவிடும் பழக்கம் இரண்டிலும் இருக்கிறது.

இங்கே ஒரு தோழர் எழுந்து என்னை மடக்கலாம். "ஆங்கிலம் நம் விடுதலை மொழி என்று சொல்கிறவர்கள் நாம். சாவித்திரிபாய் பூலே ஆங்கிலம் படி என்று கவிதை எழுதினார். பெரியார் ஆங்கிலத்துக்காகப் பேசினார். பாபாசாகேப் அதே லண்டனில் படித்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010இல் தலித் மக்கள் ஆங்கிலத் தாய்க்கே கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். நீ ஆங்கிலம் கேட்பதே தப்பு என்கிறாயா?"

இல்லை தோழர். ஆங்கிலம் இல்லாமல் நான் இங்கே நின்றிருக்க மாட்டேன். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன் நான். கல்லூரி விடுதியில் பழைய ஆங்கில நாளிதழை வைத்துக்கொண்டு சீனியர் அண்ணன் ஒருவர் தினமும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர் எனக்குத் தேர்வு வைக்கவில்லை, சொல்லிக்கொடுத்தார். நம் முன்னோர் கேட்ட ஆங்கிலம் அதுதான். மூடியிருந்த பள்ளிக்கூடத்தைத் திற என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டி வைத்துவிட்டுத் தேர்வறையை மட்டும் திற என்று யாரும் கேட்கவில்லை.

பிரிட்டனில் நடப்பது என்ன? இங்கிலாந்தில் வந்தேறிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அரசு ஒதுக்கிய பணம் 2008க்குப் பிறகான பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில்தான், 2013இல், தேர்வு கடுமையானது. 2016இல் பிரதமர் கேமரன், முஸ்லிம் பெண்கள் ஆங்கிலம் கற்கவில்லை என்று கவலைப்பட்டு, முன்னேற்றம் காட்டாவிட்டால் தங்கும் உரிமைக்கே பாதிப்பு வரலாம் என்று எச்சரித்தார். 2025 மே மாதம் தொழிற்கட்சி அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, நிரந்தரமாகக் குடியேற விரும்புவோருக்கான ஆங்கிலத் தகுதியை இன்னும் ஒருபடி உயர்த்த வேண்டும் என்கிறது. கட்சி மாறினாலும் தேர்வின் படி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

மறுபடி அக்காவிடம் வருகிறேன். ஒருநாள் அவருடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஆனாலும் திருத்தினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு சொன்னார்:

"தம்பி, நீங்கள் திருத்தேக்கை எனக்கு ஊரில எங்கட வாத்தியார் ஞாபகம் வருது. மற்றப் பிள்ளையளின்ர கொப்பியைக் கையில எடுத்துத் திருத்துவார். என்ர கொப்பியை மேசையில வைக்கச் சொல்லிப்போட்டு, தொடாமல் பேனை நுனியால பிழை போடுவார்."

யாழ்ப்பாணத்தில் 1930 வாக்கில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சம ஆசனம் கொடுக்கச் சொன்னபோது, ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள், சில பள்ளிகளைக் கொளுத்தினார்கள். அவருடைய தாத்தா பாட்டி காலத்துக் கதை அது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் வந்து, அரசு வேலையிலிருந்த தமிழர்களிடம் சிங்களத் தேர்ச்சி கேட்டார்கள். அது அவர் பெற்றோர் காலம். அவர் காலத்தில் பேனை நுனி. இப்போது ஐம்பத்தேழு வயதில் ஆங்கிலத்தை நிரூபி என்கிறார்கள். சாதியும் போரும் பறித்த பள்ளிக்கூடத்துக்கு வட்டியும் முதலும் அவரிடமே கேட்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. ஆங்கிலம் பேசும்போது என் இங்கத்தியப் பேராசிரியர் ஒருவர் சிரித்ததை நான் மறக்கவில்லை. ஆனால் அதே சிரிப்பை நாகரிகமாக மடித்து அந்த அக்காவிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நம்மில் ஆங்கிலம் கைவந்தவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என்ன கேட்கலாம்? முதலில், தேர்வு வைக்கும் அரசு இலவசமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், வேலைக்குப் போகிறவர் வரக்கூடிய நேரத்தில். இரண்டாவது, நீண்ட காலம் அங்கே உழைத்தவருக்கு விலக்கு வேண்டும். அமெரிக்காவில்கூட ஐம்பது வயதைக் கடந்து, நிரந்தர உரிமையோடு இருபது ஆண்டு வாழ்ந்தவருக்கு ஆங்கிலத் தேர்வு இல்லை. குடிமையியல் கேள்விகளுக்குத் தாய்மொழியில் பதில் சொல்லலாம். பிரிட்டனில் அறுபத்தைந்து வயதாக வேண்டும், அல்லது நீண்டகால நோய் இருக்க வேண்டும். அக்காவுக்கு இன்னும் எட்டு வருடம். அவர் அம்மாவுக்கு அப்போது தொண்ணூற்றிரண்டு.

மூன்றாவது கோரிக்கை நமக்கு நாமே வைப்பது. உங்கள் ஊரில், உங்கள் விடுதியில், ஆங்கிலம் தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். சிரிக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

அக்கா இரண்டு முறை தோற்றிருக்கிறார். மூன்றாவது முறைக்கு அடுத்த மாதம் தேதி. தலைப்பை அவரே தேர்ந்தெடுக்கலாம் இல்லையா, அம்மாவைப் பற்றிப் பேசலாமே என்று சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். "அம்மாவைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எனக்குத் தமிழ்தான் வரும் தம்பி" என்றார். அதனால் சமையல் பற்றிப் பேசப் போகிறார். ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று ஆங்கிலத்தில் பத்து நிமிடம். நான் ஊருக்குக் கிளம்பிய வாரம்வரை அதைத்தான் பயிற்சி செய்துகொண்டிருந்தோம்.