பனித்துளிக்குள் பூ: ஃபோகஸ் எங்கே?

பனித்துளிக்குள்ள பூ தெரியுற மாதிரி மேக்ரோ படம் எடுக்கப் போறேன்னு போன எபிசோடுல சொல்லியிருந்தேன் இல்லையா? மார்கழி முழுக்க விடிகாலையில் மொட்டை மாடித் தொட்டி முன்னாடி மண்டி போட்டேன். ஒரு படம்கூடத் தேறலை. அருகம்புல் நுனியில் துளியின் விளிம்பு அவ்வளவு ஷார்ப்! பின்னாடி வெச்ச செம்பருத்தி மட்டும் துளிக்குள்ள வெறும் சிவப்புத் தீற்றல். புது லென்ஸ் வாங்கலாமான்னு விலைகூடப் பார்த்துட்டேன்.

தப்பு லென்ஸில் இல்லை. துளியே ஒரு லென்ஸ்தானே, அதை மறந்துட்டேன். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. உருண்டைத் துளின்னு வெச்சுக் கணக்குப் போட்டால், அதன் குவியம் மையத்திலிருந்து இரண்டு ஆரம் தள்ளி விழுது. அதாவது பூவின் பிம்பம் துளிக்குள்ளேயே இல்லை! கேமரா பக்கமா, வெளியே காற்றில், தலைகீழா நிக்குது. துளி 3 மி.மீ. அகலம்னா, விளிம்பிலிருந்து 3 மி.மீ.க்குச் சற்றே கூடுதலா முன்னாடி. 1:1 மேக்ரோவில் எஃப் 8 வெச்சா ஷார்ப்பா கிடைக்கிற ஆழமே ஒரு மி.மீ.தான். ஆட்டோ ஃபோகஸ் விளிம்பைப் பிடிச்சா பூ போச்சு.

மேனுவலுக்கு மாத்தி, விளிம்பு ஷார்ப் ஆனதும் கேமராவை ஒரு துளி அகலம் பின்னால இழுத்தேன். இதழ் நரம்பு வரைக்கும் தெரிஞ்சுது. விளிம்பு லேசா மங்கும், மங்கட்டும்.

கிளிசரின் துளி வெச்சும் எடுக்கலாம், சீக்கிரம் காயாது. தப்பில்லை. ஆனா படத்துக்குக் கீழே பனித்துளின்னு போடாதீங்க.

அம்மா பார்த்துட்டு, “பூ ஏன்டா தலைகீழா இருக்கு? திருப்பி வை”ன்னாங்க. திருப்பினா புல் தலைகீழாயிடும். நாளைக்குச் செம்பருத்தியைத்தான் தலைகீழாக் கட்டித் தொங்கவிடணும்.