நொய்யல் மண் வைத்திருக்கும் கணக்கு



ஆற்று நீர் ஓடிவிடும். அது சுமந்து வந்த மண்ணோ தங்கிவிடும். ஆதலின் ஓர் ஆற்றின் வரலாற்றை அறிய விரும்புவோர் நீரோடு வண்டலையும் ஆராய்தல் வேண்டும். இதற்கு நம் கொங்கு நாட்டு நொய்யலே தக்க சான்று.

வெள்ளியங்கிரி மலையிற் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. வழியெல்லாம் பாறைகள் மழையாலும் வெயிலாலும் சிதைகின்றன. உறுதிமிக்க குவார்ட்சு மணலாகிறது. ஃபெல்ஸ்பார் நாளடைவில் களிமண்ணாகிறது. களித்துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. ஆகவே நேர்மின்னேற்றமுடைய கால்சியம், சோடியம் முதலியவற்றை அது பற்றிக்கொள்ளும். ஒன்றை விடுத்து மற்றொன்றை ஏற்கவும் செய்யும்.

இப்பண்பே நன்மைக்கும் கேட்டுக்கும் காரணம். கால்சியம் மிகுந்த மண்ணில் துகள்கள் திரண்டு நின்று, காற்றுக்கும் நீருக்கும் வழிவிடும். சோடியம் மிகுந்தாலோ, அவை பிரிந்து சிதறி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். நனைந்தால் சேறாகவும், உலர்ந்தால் கல்லாகவும் மாறும் அந்நிலத்தில் வேர் இறங்குவது எங்ஙனம்?

பருத்தித் துணியிற் சாயம் நன்கு ஏறுவதற்கு உப்பு பெருமளவில் வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு நொய்யலிற் கலந்தது. பாசனத்திற்கென்று கட்டப்பெற்று 1992-இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, அக்கழிவைத் தேக்கும் கலமாயிற்று. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. உழவர்க்கு நீதி கிடைத்தது. ஆயினும் தொழிலாளர் பலர் வேலையிழந்து வாடினர். ஆற்றைக் காப்பதும் பிழைப்பைக் காப்பதும் ஒன்றற்கொன்று பகையாகாதபடி தொழிலை நடத்துவதே அறிவுடைமை.

கழிவு நின்றால் நீர் தெளியலாம். மண் உடனே தெளியாது. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். அச்சோடியத்தைக் கழுவிச் செல்ல நல்ல நீரும், அந்நீர் வடிய வழியும் வேண்டும். இவை இல்லையேல் ஜிப்சத்தால் மட்டும் பயனில்லை.

நீங்களும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உலர்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் அசைக்காமல் இடுங்கள். சில மணி நேரத்தில் அதனைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் படருமாயின், சோடியம் மிகுந்திருக்கலாம் என்று ஐயுற்று, மண் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நொய்யற்கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கியோர் விட்ட கசடு, அகழ்வாய்வில் நம் கைக்குக் கிடைத்தது. அன்று இட்டதை மறவாத மண், இன்று நாம் இடுவதையும் மறவாது.