பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்
(சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "காசநோய் இருக்கா இல்லையான்னு இப்போ ஓரிரு மணி நேரத்துல சொல்லிடறாங்களே, எப்படி?" அதற்கான பதில்தான் இன்றைய பேச்சு.

சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கப் பல வாரங்கள் ஆகும். புதிய கருவிகள் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடுகின்றன. அதைப் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறை 1980களிலேயே வந்துவிட்டது. சிரமம் அதற்கு முந்தைய படியில்தான். சளியில் புரதம், ரத்தம் எல்லாம் கலந்திருக்கும். அவை பெருக்கத்தைத் தடுக்கும். பெரிய ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க இயந்திரமும் ஆளும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன செய்வது?

ஒரு வழி, பாலிமர் பூச்சு. கைட்டோசானை எடுத்துக்கொள்வோம். நாம் குப்பையில் போடுகிற இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைப்பது. டி.என்.ஏ.வுக்கு எதிர் மின்னூட்டம். லேசான அமில நீரில், பி.ஹெச். 5 அளவில், கைட்டோசானுக்கு நேர் மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அழுக்கைக் கழுவிவிடலாம். பிறகு நீரை பி.ஹெச். 9 அளவுக்குக் காரமாக்கினால் பூச்சு மின்னூட்டத்தை இழந்து டி.என்.ஏ.வை விட்டுவிடும். 2006இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். வழக்கமான சிலிக்கா முறையில் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். அது மிச்சமிருந்தால் பரிசோதனை கெடும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

நன்றாகப் பிடித்தால் மட்டும் போதாது. மின்னூட்டம் குறையாத பூச்சு டி.என்.ஏ.வை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது. அப்போது கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

எல்லாக் கருவியிலும் கைட்டோசான் இருப்பதில்லை; முறைகள் மாறும். ஆனால் நமக்கான பாடம் ஒன்றுதான். கருவி எதுவானாலும், நாம் கொடுக்கும் சளியில் கிருமி இருந்தால்தான் அதனால் கண்டுபிடிக்க முடியும். எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். ஆழமாக இருமி, நெஞ்சுச் சளியைக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் உடனே போங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'இல்லை' என்று வந்தும் இருமல் நிற்காவிட்டால் மறுபடியும் மருத்துவரைப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், காவலாளிகள் யாராவது இருமிக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள்.