முஸ்லிம் யார் என்று அரசு சொல்லும்போது



ஒரு மதத்தவர் இன்னொரு மதத்தவரைத் தாக்குவதைத்தான் மதவெறி என்று பேசிப் பழகிவிட்டோம். சொந்த மதத்துக்காரர்களையும் அது விட்டுவைப்பதில்லை. பாகிஸ்தானின் அகமதிய முஸ்லிம்கள் அதற்குச் சாட்சி.

1953இல் பஞ்சாபில் அவர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அதை விசாரித்த நீதிபதி முனீர் குழு, "முஸ்லிம் என்பவர் யார்?" என்று உலமாக்களிடம் கேட்டது. எந்த இருவரின் பதிலும் ஒத்துப்போகவில்லை என்று 1954ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. உலமாக்களாலேயே முடியாததை 1974இல் நாடாளுமன்றம் செய்தது. சோசலிசம் பேசிய பூட்டோவின் ஆட்சியில், அகமதியர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 1984இல் ஜியா உல் ஹக் இன்னும் இறுக்கினார். அகமதியர் ஒருவர் தன்னை முஸ்லிம் என்று சொன்னாலே, தொழும் இடத்தை மசூதி என்று அழைத்தாலே 3 ஆண்டுவரை சிறை.

மற்ற முஸ்லிம்களையும் இதில் பங்காளிகளாக்கினார்கள். பாஸ்போர்ட் வேண்டுமென்றால், அகமதியாவின் நிறுவனர் போலி நபி என்று கையெழுத்திட வேண்டும். 1979இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாமின் கல்லறையில் இருந்த 'முஸ்லிம்' என்ற சொல்லைக்கூட அழித்தார்கள்.

2010 மே 28 அன்று லாகூரில் இரண்டு அகமதிய மசூதிகளில் 80க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வெறி அதோடு நிற்கவில்லை. 2013இல் குவெட்டாவில் ஹசாரா ஷியாக்கள். 2017இல் செவான் சூஃபி தர்காவில் கூடியிருந்த எளிய மக்கள்.

இஸ்லாமியர்கள் வேட்டையாடப்படும் இந்தியாவில் இதைப் பேசலாமா, சங்கிகளுக்குத் தீனி ஆகாதா என்று சில தோழர்கள் கேட்கலாம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பாருங்கள். பாகிஸ்தானில் ஒடுக்கப்படும் சிறுபான்மையினருக்கு அடைக்கலம் என்றார்கள். அந்தப் பட்டியலில் அகமதியர் இல்லை, ஹசாராக்களும் இல்லை. "நீ முஸ்லிம் இல்லை" என்று அந்த நாடு அகமதியரைத் துரத்துகிறது. "நீ முஸ்லிம்" என்று இந்த நாடு கதவைச் சாத்துகிறது. சங்கிகளுக்கு இவர்கள்மீது எந்த அக்கறையும் இல்லை என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

யார் உள்ளே, யார் வெளியே என்று பிறர் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கோயில் வாசலில் எதிர்த்து வளர்ந்தது நம் இயக்கம். அதே அதிகாரம் எந்த மதத்தின் பெயரில் வந்தாலும் நாம் எதிர்ப்போம். ஒடுக்கப்பட்டு வருகிற எவருக்கும் மதம் கேட்காமல் அடைக்கலம் கொடு என்று இந்திய அரசிடம் கேட்போம்.